டர்பனின் தகரக் குடியிருப்புகள்: வீடு கொடுத்த பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?

வேலை மாற்றலாகித் தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து கிளேர் எஸ்டேட்டில் வாடகைக்கு இருப்பதாகச் சொல்லும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவு முழுக்கத் தகரக் குடிசைகள். 1994-லிருந்து அரசாங்கம் ஏழைகளுக்கு இலவச வீடு கட்டிக் கொடுக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் இவை குறையவே இல்லை? கொடுத்த வீட்டை விற்றுவிட்டு மறுபடி இங்கேயே வந்துவிடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது உண்மையா? நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும்?"

மூன்று கேள்விகள் இருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். குடிசையில் இருப்பவருக்கு இல்லாதது வீடு, அதைக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பது அந்த எண்ணம். டர்பனில் பல ஆண்டுகள் குடிநீர், கழிவுநீர்ப் பொறியாளனாக வேலை பார்த்தவன் நான். மாநகராட்சிக்காகக் குழாய்ப் பாதை வரையும் ஆலோசனை நிறுவனங்களில் இருந்ததால் இப்படிப்பட்ட சரிவுகளில் நிறைய ஏறி இறங்கியிருக்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மக்களுக்கு முதல் தேவை அந்த இடம். அடுத்தது, நாளைக்கு யாரும் வந்து இடிக்க மாட்டார்கள் என்ற உறுதி. அதன்பின் தண்ணீர், கழிப்பறை, விளக்கு, நடக்க ஒரு வழி. வீடு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. முன்னால் உள்ளவை கிடைத்துவிட்டால் பெரும்பாலோர் வீட்டைத் தாங்களே எழுப்பிக்கொள்வார்கள். என் எல்லையையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஜூலு மொழி கடைவீதிக்குப் போதுமானது, அவ்வளவே. நான் போனதெல்லாம் பகலில்தான். அங்கே ஓர் இரவு எப்படிக் கழிகிறது என்பதை மற்றவர் சொல்லித்தான் அறிவேன்.

முதலில் "குறையவே இல்லை" என்பதைப் பார்ப்போம். 1996 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென் ஆப்பிரிக்கக் குடும்பங்களில் 16.2 சதவீதம் இப்படிப்பட்ட முறைசாராக் குடியிருப்புகளில் இருந்தன. 2022-ல் அது 8.1 சதவீதம், சரிபாதி. அரசு கட்டிய வீடுகள் 30 லட்சத்துக்கும் மேல், உலகத்தில் வெகுசில நாடுகளே செய்த காரியம் அது. ஆனால் அதே காலத்தில் நாட்டின் குடும்பங்கள் ஏறக்குறைய 90 லட்சத்திலிருந்து 1 கோடியே 78 லட்சமாக உயர்ந்துவிட்டன. மக்கள்தொகை 4 கோடி சொச்சத்திலிருந்து 6 கோடியே 20 லட்சம் ஆனதோடு குடும்பத்தின் அளவும் சுருங்கியது. 1996-ல் சராசரியாக ஒரு வீட்டில் 4.5 பேர், 2022-ல் 3.5 பேர். பெருக்கிப் பார்த்தால் அன்றும் சுமார் 14 லட்சம் குடும்பங்கள் குடிசையில், இன்றும் சுமார் 14 லட்சம். ஆகவே சதவீதத்தைச் சொல்லும் அமைச்சரும் பொய் சொல்லவில்லை, சரிவைப் பார்த்துக் கேட்கும் நீங்களும் தவறாகக் கேட்கவில்லை. இதில் ஒரு சந்தேகத்துக்கு இடம் உண்டு. 2022 கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் 31 சதவீதம் என்று புள்ளியியல் துறையே மதிப்பிட்டுச் சரிசெய்தது. கதவிலக்கமும் தெருப்பெயரும் இல்லாத குடிசைப் பகுதிதான் கணக்கெடுப்பாளருக்கு மிகவும் கடினமானது என்பதால், 8.1 என்பதைக் குறைந்தபட்ச மதிப்பாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, ஏன் அந்தச் சரிவு? ஏன் உங்கள் வீட்டுக்கு எதிரில்? டர்பனின் வரைபடத்தை இனவெறிச் சட்டங்கள் எப்படி வெட்டின என்று தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. நம்மவர்களின் வரலாறும் அதில் பின்னியிருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலில் வந்தவர்களின் வழிவந்தோரில் பலர், ஒப்பந்தம் முடிந்தபின் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். வெள்ளையருக்கு நகரம், கறுப்பருக்கு நகரத்தில் இடமே இல்லை என்று இருந்த நாளில், இந்தத் தோட்டக்காரர்களிடம் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துக் கறுப்பினத் தொழிலாளர்கள் குடிசை போட்டார்கள். வாடகை கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவில் கசப்பு ஊறியது. 1949 ஜனவரிக் கலவரத்தில் அரசுக் கணக்கின்படி 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். இந்தியர் தரப்பில் அந்த ஐம்பதைத்தான் பேசுவார்கள். எண்பத்தேழு பேர் எப்படி இறந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் போலீஸ், ராணுவத் துப்பாக்கியால் என்ற பதில் வரும்.

அதற்குப்பின், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப்பகுதிச் சட்டம் வந்தது. 1958-ல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கறுப்பர்களை க்வாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் தூக்கிப் போட்டார்கள். எல்லாமே நகரத்தின் ஓரம். இத்தனை பேரைக் கிளப்பிவிட்டு அந்த நிலத்தின் பெரும்பகுதியை இருபது ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடக்க விட்டார்கள். வீடுகள் இடிந்த வெளியில் கோயில்கள் மட்டும் நின்றன. 1980-களின் கடைசியில் மக்கள் மறுபடியும் அங்கே வரத் தொடங்கினார்கள். கேட்டோ மேனரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் என்ற வகையில் இரு தரப்பும் ஒரே அடியை வாங்கியவர்கள். உங்கள் அக்கம்பக்கத்தாரில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் ஏற்றப்பட்ட நாள் பலருக்கு நினைவிருக்கும்.

கறுப்பர்கள் நகரத்துக்குள் வருவதைத் தடுத்த அனுமதிச்சீட்டுச் சட்டம் 1986-ல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, குறிப்பாக 1970-களின் பிற்பகுதியிலிருந்து, நகரத்துக்குள் கட்டடம் கட்ட உதவாதென்று விடப்பட்ட இடங்களில் குடிசைகள் முளைத்திருந்தன. செங்குத்துச் சரிவு, ஆற்றங்கரை, குப்பைமேட்டு ஓரம், நெடுஞ்சாலைக்குப் பக்கத்து ஒதுக்கு நிலம் என்று தேடித் தேடிக் குடியேறினார்கள். கிளேர் எஸ்டேட்டும் ரிசர்வாயர் ஹில்ஸும் இந்தியர் பகுதிகள். வேலை கொடுக்கும் வீடுகளும் கடைகளும் நல்ல பள்ளிக்கூடங்களும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு பலரைச் சேர்த்து ஏற்றும் மினிபஸ் டாக்ஸி இரண்டு மாறிப் போவதற்கும் பத்து நிமிடம் நடந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. நகரப் பேருந்து ஏழைகளுக்கு எந்த அளவுக்கு உதவாது, மினிபஸ் டாக்ஸியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எப்படித் தனிக் கட்டணம் என்பதெல்லாம் இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது இலவச வீட்டுக்கு வருவோம். ஆர்.டி.பி. (மறுகட்டமைப்பு, வளர்ச்சித் திட்டம்) வீடு என்று எல்லோரும் சொல்வது சுமார் 40 சதுர மீட்டர் வீடு. அதைப் பெற மாதக் குடும்ப வருமானம் 3,500 ராண்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த வரம்பை 1994-ல் வைத்தார்கள், இன்றும் அதுவேதான். அன்றைய 3,500-ஐ இன்றைய விலைவாசியோடு வைத்துப் பார்த்தால், ஓரளவு நிலையான வேலை கிடைத்தவுடனே ஒருவர் தகுதி இழக்கிறார் என்பது விளங்கும். சொந்தமாக வீடு வாங்கும் அளவுக்கோ வங்கிக் கடன் கிடைக்கும் அளவுக்கோ அவர் உயர்ந்துவிடவும் இல்லை. நாட்டின் குடிமகனாகவோ நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும், பொதுவாக ஒருவரையாவது பராமரிப்பவராகவும் இருக்க வேண்டும். மொசாம்பிக், மலாவி, ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள் இதில் வர மாட்டார்கள். தனியாக நகரத்துக்கு வந்த இளைஞருக்கும் இடமில்லை. நீங்கள் பார்க்கும் சரிவில் இந்த மூன்று வகையினரும் கணிசமாக இருக்கிறார்கள். வரிசையில் எத்தனை ஆண்டு நின்றாலும் அவர்களுக்கு வீடு வராது.

வீடு வந்தவர்கள் நிலை என்ன? ஒரு வீட்டுக்கு இவ்வளவு மானியம் என்று அரசு நிர்ணயித்துவிட்டது. அந்தப் பணத்துக்குள் நிலமும் குழாயும் சுவரும் கூரையும் அடங்க வேண்டுமானால், விலை மலிந்த நிலம் நகரத்தின் வெளிவிளிம்பில்தான் கிடைக்கும். விளைவு, இனவெறி அரசு ஏழைகளை எங்கே தள்ளியதோ, கிட்டத்தட்ட அதே திசையில் ஜனநாயக அரசின் வீடுகளும் எழுந்தன. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கணக்கு அப்படி விழுந்தது. 2004-ல் அரசே கொள்கையைத் திருத்தி, இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. எழுத்தில் அது நல்ல திட்டம்தான். நடைமுறையில், திறப்புவிழா நடத்த முடிகிற வீட்டுக்கு இருக்கும் அரசியல் கவர்ச்சி பூமிக்கடியில் போகும் குழாய்க்கு இருப்பதில்லை.

"விற்றுவிட்டுத் திரும்புகிறார்கள்" என்பதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். விற்பனை நடக்கிறது, அது உறுதி. மானிய வீட்டை முதல் 8 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாமல் காவல் நிலையத்தில் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டுக் கைமாறும் வீடுகள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் விற்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன, பெரும்பான்மை என்று எந்த நம்பகமான ஆய்வும் சொல்லி நான் பார்த்ததில்லை. என் அனுபவத்தில் அதிகம் நடப்பது வேறொன்று. குடும்பம் இரண்டாகிறது. பாட்டியும் குழந்தைகளும் புதிய வீட்டுக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறவர் வாரநாட்களில் பழைய குடிசையிலேயே தங்குகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது "வீடு கொடுத்தும் போகவில்லை" என்று தெரியும். நம்மூரில் நகர்விளிம்பிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட சென்னைக் குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தீர்களானால் இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

உள்ளே வாழ்க்கை எப்படி என்பதற்கு, எனக்கு நன்றாகத் தெரிந்த தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். குடிநீர் விஷயத்தில் டர்பன் உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்த நகரம். ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று 2001-ல் நாடு முழுவதும் வந்த கொள்கைக்கு இந்நகரத்தின் முன்னனுபவம் ஒரு தூண்டுகோல். 2000 ஆகஸ்டில், டர்பன் இருக்கும் குவாஸுலு-நடால் மாகாணத்தின் வடபகுதியில் தொடங்கிய காலரா ஒரு லட்சம் பேருக்கு மேல் தொற்றிய பிறகு, கழிப்பறையைத் தள்ளிப்போட முடியாத நிலை வந்தது. நகரத்தின் கிராமப்புற விளிம்பில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் தண்ணீரில்லாக் கழிப்பறைகள் பல பத்தாயிரம் கட்டப்பட்டன. நகரத்துக்குள் இருக்கும் குடிசைப் பகுதிகளுக்கு வேறு வழி பிடித்தோம். கப்பல் கொள்கலன் ஒன்றை ஆண்களுக்கும் ஒன்றைப் பெண்களுக்குமாக மாற்றி, உள்ளே கழிப்பறை, குளியலிடம், கைகழுவும் தொட்டி, வெளியே துணி துவைக்கும் தொட்டிகள் அமைத்து, பக்கத்தில் போகும் சாக்கடைக் குழாயோடு இணைத்துவிடுவது. 50 முதல் 75 குடும்பங்களுக்கு ஒரு ஜோடி, யாரும் 200 மீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது திட்டம். கிளேர் எஸ்டேட் போன்ற இடத்தில் இது சாத்தியமானதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குப் போகும் அதே சாக்கடைக் குழாய்தான். குடிசை நகரத்துக்குள் இருந்ததால் குழாய் பக்கத்தில் இருந்தது.

இந்தக் கொள்கலன்கள் நன்றாக நடந்த இடத்தையும் பாழானதையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருந்தது. அதே குடியிருப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்த பராமரிப்பாளர் இருந்த இடத்தில் கதவும் பூட்டும் குழாய்த் திருகும் இருந்தன. சம்பளம் நின்ற இடத்தில் சில மாதங்களிலேயே அடைப்பு. அடைப்புக்குக் காரணம் மக்களின் அலட்சியம் என்று கூட்டத்தில் சொல்வார்கள். குழாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் செய்தித்தாள் இருக்கும். கழிப்பறைக் காகிதம் வாங்கப் பணமில்லாதவர் கையில் கிடைத்ததைத்தான் பயன்படுத்துவார். இரவில் 200 மீட்டர் என்பது பெண்ணுக்கு எட்டாத தூரம். வழியில் விளக்கு இல்லை, குடித்தவர்கள் இருப்பார்கள், பாலியல் வன்முறை பற்றிய பயம் வெறும் கற்பனை இல்லை. ஆகவே மாலையானதும் வீட்டுக்குள் வாளி வந்துவிடும். வரைபடத்தில் 200 மீட்டர் வட்டம் போடும் போது இது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "வட்டம் பகலுக்குப் போட்டதா, இரவுக்கா?" என்று கேட்டார். எந்தப் பொறியியல் பாடமும் அந்தக் கேள்வி அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

மின்சாரமும் தீயும் ஒரே கதை. ஒரு குடிசை என்பது மரச்சட்டம், மேலே தகரம், குளிரையும் காற்றையும் தடுக்க உள்ளே ஒட்டிய அட்டை. மண்ணெண்ணெய் அடுப்பு சாய்ந்தாலோ மெழுகுவர்த்தி விழுந்தாலோ அட்டை பற்றிக்கொள்ளும். அடுத்த குடிசை ஒரு மீட்டர்கூடத் தள்ளி இருக்காது, தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழி இருக்காது. 2001-ல் மாநகராட்சி இப்பகுதிகளுக்குப் புதிய மின் இணைப்பு தருவதை நிறுத்தியது. தற்காலிகக் குடியிருப்புக்கு நிரந்தரச் செலவு எதற்கு என்பது வாதம். பத்தாண்டுக்கு மேல் அப்படியே போனது. அந்த இடைவெளியில் எத்தனை தீ விபத்துகள், எத்தனை திருட்டு இணைப்புகள்! நீங்கள் பார்க்கும் தாழத் தொங்கும் கம்பிகள் உயிரைக் குடிப்பவை, நான் அவற்றுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். குழந்தைகள் மிதித்து இறந்திருக்கிறார்கள். ஆனால் முறையான இணைப்பும் முன்கட்டண மீட்டரும் தந்த இடங்களில் அந்தக் கம்பிகள் வெகுவாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடம் பெயர்க்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிசர்வாயர் ஹில்ஸ் அடிவாரத்தில், பால்மியட் ஆற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நெருக்கிக் கிடக்கிறது குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பு. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதில் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். குவாரி ரோடு வெஸ்ட்டில் நூற்றுக்கணக்கான குடிசைகள் ஆற்றோடு போயின, ஆனால் அங்கே உயிரிழப்பு இல்லை. ஆற்றின் மேல்பகுதியில் மழையையும் நீர்மட்டத்தையும் கவனித்து, வாட்ஸப் குழுவில் எச்சரித்து, வீடு வீடாகத் தட்டி எழுப்பும் ஏற்பாட்டை மாநகராட்சியும் குவாஸுலு-நடால் பல்கலைக்கழகமும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து முன்பே செய்திருந்தார்கள். இந்த மக்கள் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் இல்லாமல் ஆற்றைப் பற்றி அதிகம் அறிந்தவர்களாக நடத்தப்பட்டதால் வந்த பலன் அது. ஆனாலும் வெள்ளக் கோட்டுக்குள் இருப்பவர்களை எச்சரிக்கையை நம்பி வைத்திருக்க முடியாது. அவர்கள் நகரத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. 2022-க்குப் பின் சமுதாயக்கூடங்களில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர் சலித்துப்போய் அதே கரையில் மறுபடி தகரம் அடித்தார்கள். தற்காலிக முகாம் என்றால் அது பத்தாண்டு முகாம் என்று டர்பனில் எல்லோருக்கும் தெரியும்.

இடிப்பு பற்றிய பயத்துக்கு வருகிறேன். 1996 அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நீதிமன்ற ஆணையில்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. 1998-ல் அதை விரிவாக்கித் தனிச் சட்டமும் வந்தது. உலகத்திலேயே மேலான சட்டங்களில் இவற்றைச் சேர்க்கலாம். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கென்னடி ரோடு குடியிருப்பு இதில் ஒரு முக்கிய இடம். 2005 மார்ச்சில், தங்களுக்கென்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்த நிலத்தில் செங்கல் தொழிற்சாலைக்காக மண் வெட்டத் தொடங்கியதைக் கண்டு அங்குள்ள மக்கள் சாலையை மறித்தார்கள். அந்த ஆண்டே அபாஹ்லாலி பாஸெம்ஜொண்டோலோ என்ற குடிசைவாசிகள் இயக்கம் பிறந்தது. 2007-ல் மாகாண அரசு குடிசை ஒழிப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு, நில உரிமையாளர்கள் குடியேறியவர்களை வெளியேற்ற நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றது. இந்த இயக்கம் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், 2009 அக்டோபரில் அந்தப் பிரிவைச் செல்லாது என்று ஆக்கியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. கேட்டோ மேனரில் ஏகெனானா என்ற இடத்தில் காய்கறித் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்துக் கூட்டாக வாழ்ந்தவர்களின் தலைவர்கள் மூவர் 2022-ல் ஒரே ஆண்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வார்டு அரசியல், ஒப்பந்தம், நிலம் மூன்றும் கலக்கும் இடத்தில் இந்த மாகாணத்தில் துப்பாக்கி வந்துவிடுகிறது. நீங்கள் புதிதாக வந்தவர், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கென்னடி ரோட்டை ஒட்டியிருந்த பிஸாசர் ரோடு குப்பைமேடு பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியர்கள் குடியிருந்த பகுதி என்பதால்தான் 1980-ல் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எதிரில் வாழ்ந்த சஜிதா கான் என்ற பெண்மணி அதை மூடச் சொல்லிப் பல ஆண்டுகள் போராடி 2007-ல் புற்றுநோயால் இறந்தார். குடிசைவாசிகள் பலருக்கோ அந்தக் குப்பையில் பொறுக்கும் அட்டையும் இரும்பும்தான் அன்றாடக் காசு, அதனால் மூடுவதை அவர்கள் எதிர்த்தார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. அக்கம்பக்கத்தார் இன்றும் அந்தக் கோபத்தில் பேசினால், அது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எது பலன் தந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டர்பனின் வடக்கே இனாண்டாவிலுள்ள பீசாங் ரிவர். அங்கே பெண்கள் நாள்தோறும் சில்லறை சேர்த்து, தாங்களே குடிசைகளைக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அரசு மானியத்தை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்காமல் தாங்களே வாங்கி வீடு கட்டினார்கள். அதே பணத்தில் ஆர்.டி.பி. வீட்டைவிடப் பெரிய வீடுகள் எழுந்தன. இந்த முறை எங்கிருந்து வந்தது என்றால், மும்பையின் நடைபாதைப் பெண்களிடமிருந்து. அதைத் தென் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, மும்பையில் தச்சராக வேலை பார்த்து, ஜனதா காலனி இடிக்கப்பட்டதை எதிர்த்துப் போராடித் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கியவர். 1991-ல், இனவெறி ஆட்சி முடிவதற்கு முன்பே, இங்குள்ள குடிசைத் தலைவர்களைச் சந்திக்க வந்தார். சேமிப்பும் கணக்கெடுப்பும் அதன்பின் இங்கே வேரூன்றின. கேப் டவுனில் ம்ட்ஷினி வாம் என்ற இடத்தில் 2012, 2013-ல் சுமார் 250 குடும்பங்கள் கூடிப் பேசி, குடிசைகளைத் தாங்களே நகர்த்தி முற்றங்களாக வரிசைப்படுத்தின. தீயணைப்பு வண்டிக்கு வழி வந்தது, குழாய் போட இடம் வந்தது, ஒருவரும் வெளியே போகவில்லை. எனக்கு முன்பு காலியான நிலத்தில் குழாய் வரைவதுதான் சுலபம் என்று தோன்றும். இப்போது, ஆள் இருக்கும் இடத்தில் ஆட்களோடு உட்கார்ந்து வரைவதுதான் நிலைக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். இதை நாடு முழுவதற்கும் விரிக்க முடியுமா என்பதில் அவ்வளவு உறுதி இல்லை. இம்முறைக்கு நேரமும், ஊழல் இல்லாத உள்ளூர்க் குழுவும், நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். செங்குத்தான டர்பன் சரிவில் செலவும் சமவெளியான கேப் டவுனைவிடக் கூடும். குடும்பங்கள் மிக நெருங்கியிருக்கும் இடத்தில் சிலராவது நகர வேண்டிவரும். யார் நகர்வது என்ற பேச்சு பல திட்டங்களை முறித்திருக்கிறது.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம். போர்வையும் சாப்பாடும் தீ அல்லது வெள்ளத்துக்கு அடுத்த நாள் தேவைப்படும், மற்ற நாட்களில் அவ்வளவாக உதவாது. குடியிருப்பின் குழுவை முதலில் சந்தியுங்கள், ஒரு கட்சிக்காரர் மூலமாகப் போகாதீர்கள். அங்கே குழந்தைகளுக்கான காப்பகம் நடத்தும் பெண்கள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன குறை என்று கேளுங்கள். பெரும்பாலும் தண்ணீர்த்தொட்டி, பதிவுக்கான தாள்வேலை, தீயணைப்பான் என்று சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கும். உங்களில் யாராவது மின்பொறியாளர், கணக்காளர், வழக்கறிஞர் என்றால் அந்த அறிவு பணத்தைவிடப் பயன்படும். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும் வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இதே விஷயத்தில் சேர்த்திதான். இன்னொன்று. இப்படிப்பட்ட பகுதிகளில் குடியிருப்போர் சங்கங்கள் அவ்வப்போது குடிசைகளை அகற்றச் சொல்லி மனு போடும், புதிதாக வந்தவர்களிடமும் கையெழுத்துக் கேட்கும். உடனே போட்டுவிடாதீர்கள். எந்த இடத்துக்கு, எந்த ஆண்டு, பள்ளிக்கூடமும் டாக்ஸி நிறுத்தமும் எத்தனை தூரம், அவர்களிடம் கேட்டார்களா என்று நான்கு கேள்வி கேளுங்கள். அதே மனுவில் அகற்று என்பதற்குப் பதிலாக விளக்குக்கம்பம், குப்பை வண்டி, பராமரிப்பாளர் சம்பளம் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். வார்டு கூட்டத்தில் வரி கட்டும் வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து இதைக் கேட்டால் அது குறிப்பேட்டில் ஏறும். சரிவிலிருந்து வருபவர் கேட்டால் பல நேரம் ஏறுவதில்லை.